இடது கையில் எடுத்த படம்

பதினோராயிரத்துச் சொச்சம் படங்கள். ரோஷன் பேகம் இத்தனை வருஷத்தில் தம்மாமில் இருக்கும் தன் கணவருக்கு அனுப்பியவை அவ்வளவு. இடம் நிறைந்துவிட்டது என்று போன் அடம் பிடித்த ஒரு நாளில்தான் கல்லூரியில் படிக்கும் மகள் சம்ரீன் அவற்றை லேப்டாப்புக்கு மாற்றினாள். மாற்றி முடிப்பதற்குள் மதியச் சோறு ஆறிப்போனது.

“என்னம்மா இது? கல்யாண போட்டோகிராபர்கிட்ட கூட இவ்வளவு இருக்காது.”

“உங்கத்தா கேட்டாரு. அனுப்புனேன்.”

கேட்டது உண்மைதான். அப்துல் ஹலீம் முதல் போனை வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: “விசேஷத்தை எல்லாம் யாராச்சும் அனுப்பிடுவாங்க ரோஷன். நீ சும்மா இருக்கறப்ப எடுத்து அனுப்பு.” அதனால் அந்தப் படங்களில் கல்யாணமும் பெருநாளும் குறைவு. பாலக்கரை வீட்டு வாசலில் நிற்கிற கீரை வண்டி, நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வந்து வரிசையில் தூங்கி வழிகிற பையன், தையல் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மறுக்கும் பூனை, சம்ரீனின் பல் விழுந்த சிரிப்பு. ரோஷன் வீட்டிலேயே புர்கா தைக்கிறவர். கிழக்கு ஜன்னலில் ஒன்பது மணி வரை நல்ல வெளிச்சம் வரும் என்பது அவருக்குத் தையலால் தெரியும். படத்துக்கும் அதுவே உதவியது.

இன்னொன்றும் தையலிலிருந்து வந்ததுதான்: ஓரம். எதை உள்ளே விடுவது, எதை வெட்டுவது என்பதில் ரோஷன் கில்லாடி. படத்தில் பூனை இருக்கும், பூனைக்குப் பின்னால் அடைத்துக்கொண்ட வாஷ்பேசின் இருக்காது. சம்ரீன் சிரிப்பாள், பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை அட்டை தெரியாது. தூரத்தில் இருக்கிறவருக்கு நல்ல சேதி மட்டும்தான் போக வேண்டும் என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். கெட்ட சேதி கேட்டு அவர்கள் அங்கே என்ன செய்ய முடியும்? சோறு இறங்காமல் கிடப்பார்கள். இல்லையென்றால் ஹலீம் ஒருமுறை செய்ததைச் செய்வார்கள். தன் வயசான அத்தா மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று கேட்டதும் அடுத்த விமானத்தில் ஓடிவந்தார். விசா போயிற்று. அடுத்த வேலை கிடைக்க ஒரு வருஷம் ஆயிற்று. அத்தாவோ மூன்றாம் நாளே எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ரோஷனின் ஓரங்கள் இன்னும் கறாராயின.

லேப்டாப்பில் பார்த்ததில் மலைத்துப்போன சம்ரீன், பத்துப் படங்களைத் தன் கல்லூரித் தோழியின் சித்தப்பா ஸ்டீபன்ராஜுக்கு அனுப்பினாள். காட்டூரில் இருக்கும் அவர் வங்கி அதிகாரி. ஞாயிறு தவறாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு குழுவை நடத்துகிறார். குழுவில் இருப்பவர்கள் யாரும் தொழில்முறைக்காரர்கள் அல்ல. பல் டாக்டர், ரயில்வேக்காரர், கணக்கு டீச்சர் என்று கலவையான கூட்டம். ஸ்டீபன்ராஜ் அன்று மாலையே போன் செய்தார்.

“அக்கா, எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்? ஒரு படத்துல கூட வேண்டாத சாமான் ஒண்ணு இல்ல. நாங்க வருஷக்கணக்கா இதுக்குத்தான் முட்டி மோதறோம்.”

“வீட்ல கத்துக்கிட்டதுதான் தம்பி” என்றார் ரோஷன். பொய் இல்லை.

இப்படித்தான் நாற்பத்தாறு வயதில் ரோஷன் பேகம் ஞாயிறு காலைகளில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறத் தொடங்கினார். அங்கே மற்றவர்கள் ராஜகோபுரம் முழுசாக வரவேண்டும் என்று ரோட்டில் மல்லாந்து கிடப்பார்கள். ரோஷன் கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

“என்னம்மா, எல்லாரும் கோபுரத்தை எடுக்கறா, நீங்க மட்டும் அந்தண்டை திரும்பிண்டு நிக்கறேளே?” என்று கேட்டார் அவ்வழியே போன ஒரு மாமா.

“கோபுரத்த அவங்க பாத்துக்குவாங்க மாமா. உங்க குடைக்கம்பி ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது பாருங்க, அது நல்லாருக்கு.”

மாமா குடையை அவசரமாக மடக்கப் போனார். அப்புறம் என்ன நினைத்தாரோ, விரித்தே பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் படம் குழுவில் ஒரு வாரம் பேசப்பட்டது.

ஒரு குறை மட்டும் இருந்தது. அகலமான படம் ரோஷனுக்கு வராது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி மொத்தமும் கிடக்க, அவர் ஒரு ஈரப் புடவை முந்தியை எடுப்பார். “கொஞ்சம் பின்னால போங்கக்கா, ஆறு வரட்டும்” என்பார் ஸ்டீபன்ராஜ். பின்னால் போக ரோஷனுக்கு மனசு வராது. என்னென்ன உள்ளே வந்துவிடுமோ.

குழு தில்லைநகரில் ஒரு சிறிய மண்டபத்தைப் பிடித்துக் கண்காட்சி வைக்க முடிவு செய்தது. ஆளுக்கு ஒரு படம். எடுத்தவர் பக்கத்தில் நின்று, அந்தப் படத்தின் கதையை வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரோஷனின் படத்தை ஸ்டீபன்ராஜே தேர்ந்தெடுத்தார்.

ஒன்பது வயது சம்ரீன் பீரோ கண்ணாடி முன்னால் நாற்காலியில் ஏறி நிற்கிறாள். பள்ளிச் சீருடை. தனக்குத் தானே ஜடை பின்னிக்கொள்கிறாள். ஒரு ஜடை காதுக்கு மேலே, ஒன்று காதுக்குக் கீழே. நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். படம் முழுவதும் லேசாக வலதுபக்கம் சாய்ந்திருக்கிறது.

“அந்தச் சாய்வுதாங்க்கா உயிரு” என்றார் ஸ்டீபன்ராஜ். “பிள்ளையோட அவசரம் அப்படியே வந்திருக்கு. வேணும்னே சாய்ச்சீங்களா?”

ரோஷன் ஏதோ முனகினார்.

அந்தப் படத்தின் கதை இதுதான். 2015 நவம்பர், விடாத மழை. பின்கட்டு அறைக் கூரையின் பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து ரோஷனின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு. ஹலீம் லீவு முடிந்து திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொன்னால் ஓடிவருவார். ஆகவே யாரும் சொல்லவில்லை. அக்காள் தங்கை சொல்லவில்லை, தெருவே வாயை மூடிக்கொண்டது. அப்போதெல்லாம் சவுதிக்கு வாட்ஸ்அப்பில் பேசவும் முடியாது, முகம் பார்க்கவும் முடியாது. வீட்டைக் கண்ணால் காணப் படம் ஒன்றுதான் வழி. படம் நின்றால் சந்தேகம் வரும். ரோஷன் இடது கையில் போனைப் பிடித்து எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். அம்மாவால் பின்ன முடியாததால் சம்ரீன் தானே பின்னிக்கொண்ட முதல் காலை அது. கட்டு கண்ணாடியில் விழாதபடி ரோஷன் கதவோடு கதவாக ஒட்டி நின்று எடுத்தார்.

கட்டு பிரித்து, கூரை பூசி, வெள்ளையடித்து எல்லாம் முடிந்த பிறகுதான் ஹலீம் அடுத்த லீவில் வந்தார். “வெள்ளை அடிச்சியா? நல்லாருக்கு” என்றார். அத்தோடு சரி.

இப்போது சிக்கல் என்னவென்றால், கண்காட்சி நடக்கும் வாரம் ஹலீம் லீவில் ஊரில் இருப்பார். நேரில் வந்து பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு படம் மட்டும் கெடாது. பதினோராயிரத்துச் சொச்சமும் சந்தேகத்துக்கு ஆளாகும். ஒவ்வொன்றின் ஓரத்திலும் என்ன இருந்தது என்று அந்த மனுஷன் இனி யோசித்துக்கொண்டே கிடப்பார். தூரத்தில் தனியாக இருக்கிறவரிடமிருந்து அதைப் பிடுங்குவதா?

“நீ அடம் பிடிச்சு நீயே பின்னிக்கிட்டேன்னு சொல்லிடறேன்” என்றார் மகளிடம்.

“நானா அடம் பிடிச்சேன்? அழுதுக்கிட்டே பின்னுனேன்மா. ஸ்கூல்ல எல்லாரும் கிண்டல் பண்ணாங்க.”

“அதான் படத்துல தெரியலயே.”

“அதான, நீங்க விட்டாத்தானே தெரியும்!”

கண்காட்சி அன்று காலை ரோஷன் மண்டபத்துக்குள் போனதும் ஒரு நிமிஷம் குழம்பினார். படத்தில் சம்ரீன் நேராக நின்றாள். பீரோ நேராக நின்றது. சட்டம்தான் சாய்ந்து கிடந்தது. படங்களைச் சுவரில் மாட்டிய தச்சர் காத்தமுத்து, சுத்தியலும் கையுமாகப் பெருமையோடு நின்றார்.

“படம் கோணலா இருந்துச்சும்மா. நான்தான் சட்டத்தைச் சாய்ச்சு நேராக்கிட்டேன். பாப்பா இப்பத்தான் ஒழுங்கா நிக்குது.”

ரோஷனுக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. சாய்வே இல்லையென்றால் கேள்வியும் இல்லை. “இருக்கட்டும்ண்ணே, அப்படியே விடுங்க” என்றார்.

பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்தது. ஒரு டீச்சரம்மா தன் மாணவிகளோடு வந்து ரோஷனின் படத்தின் முன் நின்றார். ரோஷன் ஒத்திகை பார்த்த வரியைத் தொடங்கினார். “இது எம்மக. அன்னைக்கு இவளே பின்னிக்கறேன்னு...”

ஹலீம் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை. யாரையும் பார்க்கவில்லை, நேரே படத்திடம் போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து நேராக்கினார். பீரோவும் நாற்காலியும் சம்ரீனும் வலதுபக்கம் சாய்ந்தார்கள்.

“சார், சார், அது கோணல்!” என்று ஓடிவந்தார் காத்தமுத்து.

“இது சாஞ்சுதாங்க இருக்கணும்” என்றார் ஹலீம். “இடது கையால எடுத்தது.”

டீச்சரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சம்ரீன் நைசாக நகர்ந்து மாணவிகளை அடுத்த படத்துக்கு அழைத்துப் போனாள்.

“யாரு சொன்னா?” என்றார் ரோஷன் மெல்ல.

“யாரும் சொல்லல. எங்க ரூம்ல ஆறு பேரு. யாருக்கு வீட்லேருந்து போட்டோ வந்தாலும் ஆறு பேரும் பாப்போம். பெருசு பண்ணிப் பண்ணி மூலை முடுக்கெல்லாம் பாப்போம். வேற என்ன வேலை எங்களுக்கு? நம்ம மன்சூர் இருக்கானே, அவந்தான் முதல்ல கேட்டான். ‘என்ன பாய், உங்க வீடு ஒரு வாரமா சாஞ்சு கிடக்குது?’ன்னு. அப்புறம் பாத்தா ஒரு படத்துல இடது ஓரத்துல உன் விரல் நிழல். அதுக்கு முன்னால நீளநீளமா டைப் பண்ணுவ. திடீர்னு எல்லாம் வாய்ஸ் மெசேஜ். வலது கையில ஏதோன்னு ஆறு பேரும் முடிவு பண்ணிட்டோம்.”

“தெரிஞ்சும் கேக்கலயா?”

“ரூம்ல ஒரு சட்டம் இருக்கு. வீட்ல மறைச்சா கேக்கக் கூடாது. கேட்டா அப்புறம் போட்டோ வராது. போட்டோ நின்னா எனக்கு அங்க என்ன இருக்கு?” ஹலீம் சட்டத்தின் விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தார். “தினம் படம் வந்ததும் போனைத் தரையில வெச்சுப் பாப்பேன், சாய்வு கொறஞ்சிருக்கான்னு. நேரா வந்த அன்னைக்கு ரூமுக்கே ஆட்டுக்கறி மந்திச் சோறு வாங்கிப் போட்டேன். மன்சூர் ரெண்டு தட்டு தின்னான்.”

யாராக இருந்தாலும் அங்கே உருகியிருப்பார்கள். ரோஷனுக்குக் கோபம் வந்தது.

“ராத்திரி பூரா வலி. ஒத்தக் கையில சோறு வடிச்சேன். ‘கை எப்படிம்மா இருக்கு’ன்னு ஒரு வார்த்த வந்திருந்தா...”

“மறைச்சது நீதானே?”

“மறைச்சது நான்தான். கண்டுபிடிக்கணும்னு இருந்துச்சு.”

இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சட்டம் போட்டு, நடுவில் ஒரு கேள்வி இத்தனை வருஷம் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஹலீம் ரோஷனின் வலது மணிக்கட்டைப் பார்த்தார். இத்தனை பேருக்கு நடுவில் பிடிக்கக் கூச்சம்.

“இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

“மழைன்னா எலும்பு குடையும்” என்றார் ரோஷன். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீச்சரம்மாவைக் கூப்பிட்டார். “வாங்க டீச்சர். நான் முதல்ல சொன்னது தப்பு. கதைய முதல்லேருந்து சொல்றேன்.” கூரையிலிருந்து தொடங்கினார். மந்தி வரை வந்தபோது சுற்றிலும் பெரிய கூட்டம். மன்சூர் ரெண்டு தட்டு தின்ற இடத்தில் காத்தமுத்துதான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

திரும்பும்போது ஆட்டோ காந்தி மார்க்கெட் நெரிசலில் நின்றபோது ரோஷன் கேட்டார்: “வேற என்னென்ன கண்டுபிடிச்சீங்க ஆறு பேரும்?”

“வாஷ்பேசின் அடைச்சுக்கிட்டது தெரியும். பூனை எப்பப் பாத்தாலும் மெஷின் மேல இருந்துச்சா, கீழ தண்ணி நிக்குதுன்னு மன்சூர்தான் சொன்னான்.”

“அவனுக்கு வேற வேலையே இல்லயா?”

“ரோஷன், இனிமே ஓரத்தையும் சேர்த்தே அனுப்பு.”

“அனுப்பறேன். நீங்க கேக்கணும்.”

லீவு முடிந்து ஹலீம் இருபத்தேழாம் தேதி தம்மாம் போனார். சட்டத்துக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு, சட்டத்தோடு அந்தப் படத்தைக் கைலிக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ரோஷன் பின்கட்டு அறையின் வாசல் வரை பின்வாங்கி, முழு அறையையும் எடுத்து அனுப்பினார். மடிக்காத போர்வை, தையல் குப்பை, பூனை, கூரையின் மூலையில் புதிதாகப் பூத்திருக்கும் ஈரக்கறை, எல்லாம் அதில் இருந்தன. உடனே போன் வந்தது.

மேஸ்திரி வியாழக்கிழமை வருகிறார்.