சோறு குரங்கிடம், இன்சுலின் உடம்பில்: மல்லேல தீர்த்தத்தில் ஒரு பகல்

நவம்பர் வந்தால் அருவி நூலாக இளைத்துவிடும் என்றார்கள். அதனால் செப்டம்பர் கடைசி ஞாயிறு போய்வந்தோம். நான், என் கணவர், இன்டர் இரண்டாம் ஆண்டு, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் மகள் நிலா.

செகந்திராபாத்திலிருந்து காலை ஏழுக்குப் புறப்பட்டோம். ஸ்ரீசைலம் சாலையில் கல்வகுர்த்தியில் இட்லி. மன்னனூர் சோதனைச் சாவடி தாண்டினால் நல்லமலைக் காடு. பிரதான சாலையிலிருந்து பிரிந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து மொத்தம் சுமார் 190 கிலோமீட்டர். இணையத்தில் இதைப் பசுமைச் சொர்க்கம் என்று எழுதுகிறார்கள். நான் கவனித்தது, போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்ததைத்தான்.

பதினொன்றே முக்காலுக்கு வண்டியை நிறுத்தினோம். அருவிக்குக் கீழே இறங்க முந்நூற்றைம்பது படிகள் என்கிறார்கள், நான் எண்ணவில்லை. எங்கே போனாலும் தண்ணீர்க்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

என் கணவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். பிறர் பார்க்க ஊசி போட்டுக்கொள்ளவே மாட்டார். ஹோட்டலோ கல்யாண வீடோ, காருக்குப் போய்ப் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காதவர்போல வந்து இலையில் உட்காருவார். அன்றும் காரிலேயே சட்டையைத் தூக்கினார்.

"கீழ போய் போட்டுக்கலாமேங்க?"

"நக்கோமா. கீழ ஊரே இருக்கும். பத்து நிமிஷத்துல சாப்பிடப்போறோம்." அவர் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். 'நக்கோ' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம்; அவர் அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

குரங்குகளுக்குப் பயந்து என் கைப்பையைக் காரில் வைத்துப் பூட்டினேன். அவருக்கான குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் அந்தப் பையில்தான் இருக்கும்.

கீழே பாறையில் சாப்பாட்டுப் பையை வைத்தோம். தட்டை எடுக்க நிலா குனிந்தாள். அவ்வளவுதான். புளியோதரை, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் பையோடு மரத்தின் மேல்.

அவர் நிலாவைப் பார்த்துச் சிரித்தார். "உங்கம்மா புளியோதரைன்னு தெரியாம தூக்கிட்டு போகுது, பாவம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி போட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. மேலே ஏறினால் சர்க்கரை இன்னும் வேகமாக இறங்கும். கீழே கடை கிடையாது. நிலாவிடம் சாவியைக் கொடுத்தேன். ஓடினாள்.

அருவி அழகாக இருந்திருக்க வேண்டும். நான் அவருடைய நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மேலுதட்டில் வேர்த்தது. பிறகு, குரலை உயர்த்தியே அறியாத மனிதர் என்னிடம் எரிந்து விழுந்தார்.

"சும்மா என்னையே ஏன் பாக்கறே? நான் நல்லாத்தான் இருக்கேன். வசந்தி எங்க போனா?"

வசந்தி அவருடைய அக்கா, சென்னையில் இருக்கிறார். நான் எழுந்து சுற்றிலும் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு தெலுங்குக் குடும்பம், அங்குள்ள சிவலிங்கத்துக்குப் படைக்கத் தட்டு தயார்செய்துகொண்டிருந்தது. தேங்காய், பழம், வெல்லம். பொதுவாக முன்பின் தெரியாதவர்களிடம் நேரம்கூடக் கேட்கமாட்டேன். அன்று உடைந்த தெலுங்கில், "ஷுகர் டவுன், தினடானிக்கி ஏமைனா?" என்று, சாப்பிட ஏதாவது கிடைக்குமா எனக் கேட்டேன். அந்த அம்மாள் மறுபேச்சில்லாமல் வெல்லக் கட்டியை நீட்டினார்.

என் கணவர் முகத்தைத் திருப்பினார். "நக்கோ. சாமிக்கு இன்னும் வெக்கல."

மயங்கப்போகிற நேரத்திலும் ஆசாரம்! அந்த அம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து, "தேவுடு ஆகுதாடு, மீரு தினண்டி அண்ணா" என்று அதட்டினார். சாமி காத்திருப்பார், நீங்கள் சாப்பிடுங்கள் அண்ணா என்று அர்த்தம். சாப்பிட்டார். பின்னாலேயே இரண்டு வாழைப்பழம்.

நிலா மூச்சிரைக்க இறங்கி வந்தபோது அவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, "யாரும்மா உன்னை இப்படி ஓடச் சொன்னது?" என்றார். அவள் குளுக்கோஸ் பாக்கெட்டை அவர் மடியில் வீசிவிட்டு அழுதாள். "யூ ஆர் இம்பாசிபிள், அப்பா." அதையும் கரைத்துக் கொடுத்தேன். அரை மணி உட்கார்ந்து, பத்துப் படிக்கு ஒரு முறை நின்று, மெதுவாக ஏறினோம். காரில் இருந்த கருவியில் பார்த்தபோது சர்க்கரை சரியான அளவுக்கு வந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் நிறைய இருக்கிறது, பாறை வழுக்கும். பெட்ரோலுக்கு ஏறக்குறைய மூவாயிரம் ஆகும். இருட்டுவதற்குள் காட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். உணவுப் பையைக் கையைவிட்டு இறக்காதீர்கள். குளுக்கோஸ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். சாப்பாடு கண்ணுக்கு எதிரே வராமல் ஊசி வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதை நான் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறேன், பலன் இருந்ததில்லை. அன்று மாலை கல்வகுர்த்தியில் ஒரு தாபா. மேசைக்கு மேசை ஆட்கள். நான் வழக்கம்போலக் கார்ச் சாவியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மொதல்ல தட்டு வரட்டும்."

ரொட்டியும் பருப்பும் வந்தன. அவர் கருவியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு அங்கேயே, எல்லார் எதிரிலும், சட்டையைத் தூக்கினார். பக்கத்து மேசைக்காரர் ஒரு நொடி பார்த்துவிட்டு, வெங்காயம் கேட்கத் திரும்பிக்கொண்டார்.