கப்பல் அறையில் இரண்டு பேர்

கப்பலில் போகலாமா என்று நான் போனில் என் மகளிடம் கேட்டேன். "போகலாம்பா. தேங்க்யூ" என்றாள். பள்ளி மேடையில் பரிசு வாங்கும்போது சொல்வார்களே, அந்த மாதிரித் தேங்க்யூ.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நானும் அவளுடைய அம்மாவும் பிரிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருந்து பழகிப்போய்விட்டோம். ஒருநாள் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டோம், அவ்வளவுதான். அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சுங்கை வே என்ற ஊரில் தன் அக்காள் வீட்டுப் பக்கமாகக் குடிபோனாள். நான் கிள்ளானிலேயே தங்கிவிட்டேன். காப்பார் சாலையில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமைகளில் மகள் என்னோடு இருப்பாள். காலையில் போய்க் கூட்டிவருவேன், இருட்டுவதற்குள் கொண்டுபோய் விடுவேன்.

அந்தச் சனிக்கிழமைகளில் எங்களுக்குள் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. அவள் அடம் பிடிக்கமாட்டாள். நான் வாங்கிக் கொடுப்பதைச் சாப்பிடுவாள். என் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறக்கும்முன், "தண்ணி எடுத்துக்கலாமாப்பா?" என்று கேட்பாள். சின்னவளாக இருந்தபோது என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். "அப்பா, நீ இங்க வா, இதப் பாரு" என்று கையைப் பிடித்து இழுப்பாள். அது எந்தச் சனிக்கிழமையில் 'நீங்க' என்று மாறியதோ, நான் கவனிக்கவில்லை. வேலையிடத்து நண்பர்கள், மரியாதை தெரிந்த பிள்ளை என்று மெச்சினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டேன்.

கப்பல் யோசனை அவர்களில் ஒருவரிடமிருந்து வந்ததுதான். அவர் குடும்பத்தோடு போய்வந்து படங்களைக் காட்டினார். நீச்சல் குளம், சறுக்கு, விதவிதமான சாப்பாடு எல்லாம் இருந்தது. எனக்குப் பிடித்தது அதெல்லாம் இல்லை. ஒரு படத்தில் அவருடைய பையன் கப்பல் அறையில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். என் மகள் தூங்கி எழுவதைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் நினைத்தேன். அவளுடைய அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் உடனே சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு மதியம், புலாவ் இண்டா தீவில் உள்ள துறையில் கப்பல் ஏறினோம். ஏறுகிற இடத்தில் ஒரு படக்காரர் ஒவ்வொரு குடும்பத்தையும் நிறுத்திப் படம் பிடித்தார். எங்கள் முறை வந்ததும் அவர் கேமராவைத் தாழ்த்தி, எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, மம்மிக்காகக் காத்திருக்கலாம் என்றார். நான் பதில் தேடுவதற்குள் என் மகள், மம்மிக்கு வேலை, வரவில்லை என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று சிரித்தாள். இந்தக் கேள்விக்கு அவள் எத்தனை இடத்தில் பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபடி நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. சின்ன ஜன்னல், இரண்டு கட்டில், நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு இடம். எந்தக் கட்டில் வேண்டும் என்று கேட்டேன். உங்களுக்கு எது வேண்டாமோ அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஜன்னல் ஓரத்துக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தேன். தன் துணிகளைப் பையிலிருந்து எடுத்து மடிப்புக் கலையாமல் அலமாரியின் ஒரு பாதியில் வைத்தாள். மறுபாதியை எனக்கு விட்டிருந்தாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். நான் அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டிருந்தேன். அவளுடைய அம்மா மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவள், நான் கோயிலுக்குப் போகிறவன். நாங்கள் ஒன்றாக இருந்தவரைக்கும் மேசையில் யாரும் ஜெபம் செய்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். ஞாயிறு பள்ளி டீச்சர் என்றாள். என்ன சொல்லி ஜெபித்தாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்டால் மன்னிப்புக் கேட்பாளோ என்று பயமாகவும் இருந்தது. கேட்காமலே மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

மறுநாள் குளத்தடியில் ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தைச் சந்தித்தோம். எல்லாரும் ஒரே மஞ்சள் நிற டி-சட்டை போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், ஏறக்குறைய என் மகள் வயது. நொடியில் மூன்று பேரும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் அம்மா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "மிஸஸ் வரலியா அண்ணே?" என்று கேட்டார். வேலை என்று, மகள் சொன்ன பொய்யையே நானும் சொன்னேன்.

தண்ணீரில் என் மகள் கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. கை காட்டினேன். அவள் என்னைப் பார்த்ததும் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பதிலுக்குக் கை காட்டினாள். வகுப்பில் ஆசிரியர் நுழைந்தால் பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவார்கள் அல்லவா, அப்படி. நான் எழுந்து தே தாரிக் டீ வாங்கப் போகிற மாதிரிக் கொஞ்ச தூரம் போய், ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். சிரிப்பு மறுபடியும் உயர்ந்தது. அங்கேயே நின்று கேட்டேன்.

திரும்பி வந்தபோது அந்த ஈப்போ அக்கா என் மகளுக்குத் துண்டு சுற்றி, ஒரு மஞ்சள் டி-சட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த நீச்சல் உடை நாற்காலியில் கிடந்தது. "ரொம்ப டைட்டா இருக்கு அண்ணே. பாருங்க, தோளெல்லாம் செவந்து போச்சு. பிள்ள ஒண்ணுமே சொல்லல" என்றார். தோளின் இரண்டு பக்கமும் பட்டை பதிந்த தடம் இருந்தது. கடையில் நான் கையால் உயரம் காட்டித்தான் அதை வாங்கியிருந்தேன். என் கை காட்டிய உயரத்தில் இருந்தது வேறு ஒரு பிள்ளை.

"ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?"

"பரவால்லப்பா. நல்லாத்தான் இருக்கு."

அன்று கப்பல் பினாங்கில் நின்றது. நாங்கள் இறங்கி நடந்தோம், செண்டோல் குடித்தோம், படம் எடுத்துக்கொண்டோம். எல்லாப் படத்திலும் அவள் ஒரே மாதிரி நின்றாள். சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலை ஆட்டியபடி, ஈப்போப் பிள்ளைகளைப் பற்றியும் சறுக்கைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொன்னாள். இடையில் அம்மா ஏதோ சொல்ல, "ஐயோ, நீ சும்மா இரும்மா" என்றாள். நான் மற்றக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பார்க்காதது போல என் காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன அறையில் எங்கே போய் உட்கார்ந்தாலும் அது கேட்கத்தான் செய்யும்.

மூன்றாம் நாள் முழுக்கக் கடல். பசியாறிவிட்டு வரும்போதே மேற்கே வானம் கறுத்திருந்தது. சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று என்று பணியாளர் ஒருவர் சொன்னார், சீக்கிரம் அடங்கிவிடுமாம். மேல்தளத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் அறைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கப்பல் மெல்லச் சாய்ந்து நிமிர ஆரம்பித்தது. ஜன்னலில் ஒரு முறை வானமும் ஒரு முறை தண்ணீரும் தெரிந்தன. என் மகளின் முகம் வெளுத்தது. எழுந்து குளியலறைக்கு ஓடினாள். பாதி வழியிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். கட்டில், தரை, என் கால் எல்லாம் ஆகிவிட்டது.

"சாரிப்பா. சாரி. சாரி" என்று சொல்லிக்கொண்டே தன் கையாலேயே தரையைத் துடைக்கப் பார்த்தாள்.

நான் அவளைத் தூக்கி என் கட்டிலில் உட்காரவைத்தேன். கடைசியாகத் தூக்கியபோது இருந்ததைவிடக் கனத்தாள். முகம் கழுவிவிட்டேன், சட்டை மாற்றினேன், துண்டை நனைத்துத் தரையைத் துடைத்தேன். அதற்குள் இன்னொரு முறை வாந்தி. அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு, அதுவரை நான் பார்க்காத விதமாக, வாயைத் திறந்து அழத் தொடங்கினாள்.

"எனக்கு அம்மா வேணும். நான் வரலன்னுதான் சொன்னேன். அம்மாதான் போன்னு சொன்னாங்க. போகலன்னா அப்பா பாவம்னு சொன்னாங்க."

காற்று ஜன்னலில் மழையை வாரி அடித்தது. நான் ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவளுடைய அம்மா ஏன் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாள் என்று இப்போது விளங்கியது. இரண்டு பேரும் எனக்காகப் பேசி, எனக்காக முடிவு செய்து, எனக்காக ஒரு பையைக் கட்டியிருக்கிறார்கள். கோபம் வந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. வெளியே கடல், உள்ளே இரண்டு கட்டில், ஓடிப்போய் நிற்க ஓர் இடமில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வரப் பிடிக்கலன்னா என்கிட்டயே சொல்லலாம்லா" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா நீ அழுவியா?"

நீ என்று வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் அழுவேன். ஆனா கோபம் வராது" என்றேன்.

அவள் தலையணையில் சாய்ந்து, கண்ணை மூடியபடியே, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். நீச்சல் உடை வலித்தது. சார்டின் பன் பிடிக்காது, அது சின்ன வயசில் பிடித்தது, நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே வாங்கி வைக்கிறேன். ஸ்கூல் எப்படி, ஸ்கூல் எப்படி என்று கேட்கிறேன், ஆனால் அவளுடைய டீச்சர் பெயர்கூட எனக்குத் தெரியாது. காரில் நான் போடும் பழைய பாட்டு போரடிக்கிறது. என் வீட்டில் அவளுக்கு என்று ஒரு தலையணை இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்குக் குமட்டல் குறைந்த மாதிரி இருந்தது. நான் சரி, சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை நாளும் நான் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்திக்குப் பன் வாங்கி, உடை வாங்கி, அவள் வரவில்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இனி எந்தச் சனிக்கிழமையும் வரப்போவதில்லை. இதோ கட்டிலில் படுத்திருப்பவளை எனக்குச் சரியாகத் தெரியாது.

காற்று சொன்னபடியே அடங்கியது. அவள் தூங்கிப்போனாள். வாயைத் திறந்துகொண்டுதான் தூங்கினாள். நான் பார்க்க வந்தது அதைத்தான். பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் நினைத்துவந்த மகிழ்ச்சி வரவில்லை. யாரோ வீட்டுப் பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

எழுந்த பிறகு அவள் வேறு ஆளாக இருந்தாள். கஞ்சி குடிக்கமாட்டேன் என்றாள். ஈப்போப் பிள்ளைகளோடுதான் சாப்பிடுவேன் என்றாள். இன்றைக்கு ஒருநாள் அப்பாவோடு சாப்பிடு என்று நான் சொல்ல, "கப்பல்ல எப்பவும் உன்கூடத்தானே இருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போ என்றேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை நான் இரண்டு பேர் மேசையில் தனியாகச் சாப்பிட்டேன். பணியாளர் வந்து எதிரே இருந்த தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போனார். தூரத்தில் மஞ்சள் சட்டைகளுக்கு நடுவில் அவள் எதையோ கையை வீசி விவரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கப்பல் துறைக்குத் திரும்பியது. ஃபெடரல் ஹைவேயில் நெரிசல். காரில் வானொலியை மாற்றுவதில் எங்களுக்குள் சண்டை வந்தது. நான் குரலை உயர்த்தினேன், அவளும் உயர்த்தினாள். சுங்கை வே வீட்டின் முன் வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவளுடைய அம்மா பையை வாங்கிக்கொள்ள வாசலுக்கு வந்தாள்.

"எப்படி இருந்தா?"

"நல்லா சண்ட போட்டா" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்ககூடவுமா?" என்றாள். பிறகு, "சரிதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பாவம் என்று அவள் சொல்லியனுப்பியதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

கிள்ளானுக்குத் தனியாகத் திரும்பினேன். வீட்டில் குளிக்கும்போது தரை இன்னும் அசைந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பு நிலத்துக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும் என்று யாரோ சொன்னார்கள். அதுவரைக்கும் படுக்கையில் கண்ணை மூடினால் கப்பல் வந்துவிடும்.

அடுத்த முறைக்கு முன்பாகவே மகளிடமிருந்து போன் வந்தது. அவளாகவே கூப்பிட்டாள். "அப்பா, இந்தச் சனி நான் வரல. ஃப்ரெண்டு வீட்டுல பர்த்டே. எனக்கு அங்கதான் போகணும்."

சரி என்றேன். அழுகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். "பொய் சொல்லாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வழக்கம்போலச் சீக்கிரமே விழித்துவிட்டேன். துணி துவைத்தேன். கிள்ளான் லிட்டில் இந்தியா வரைக்கும் நடந்து, வழக்கமான கடையில் இலைச் சோறு கேட்டேன். இன்றைக்குப் பிள்ளை வரலையா என்று கடைக்காரப் பெண் கேட்டார். பிள்ளைக்கு வேறு வேலை இருக்கிறது, அவளே போன் போட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றினார். வெளியே நல்ல வெயில். பூக்கடைகளில் கூட்டம், குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். நான் மெதுவாகச் சாப்பிட்டேன். மதியம் முழுக்க என்னிடம் இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.