அம்மாவுக்குக் கண்ணடித்த விளக்கு

உருகும் ஈயத்தின் புகையில் குங்கிலிய மணம் இருக்கும். அதனோடு கொஞ்சம் தலைமயிர் பொசுங்கும் வாடையும் கலந்துவிட்டால், நான் எந்த ஊரில் நின்றாலும், திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்தில் நசீராவின் வாப்பா வைத்திருந்த றேடியோ திருத்தும் கடையின் பின்னறைக்குப் போய்விடுவேன். பொசுங்கியது நசீராவின் தலைமயிர்தான். குனிந்து வேலை செய்யும்போது அவளுடைய பின்னல் முன்னால் சரிந்து சூட்டுக்கோலில் பட்டுவிடும், "அல்லாஹ், திரும்பியும்!" என்று அதைத் தூக்கி முதுகுப் பக்கம் எறிந்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நாங்கள் இருவரும் ரியூசன் வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தவர்கள். கச்சான் காற்று அனலாய் வீசிய அந்த மாதங்களில், ஒரு சின்ன விளக்கைக் கண்ணடிக்க வைப்பதற்காக அந்தப் பின்னறையிலேயே கிடந்தோம்.

காரணம் என் அம்மா. நான் நடை பழகிய காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்தே எல்லாம் விளங்கிக்கொள்வார் என்பதால், "முகத்தைக் காட்டிக் கதை" என்பது எங்கள் வீட்டில் சட்டம். "காதுதானே போனது, வாய் போகேல்லையே" என்று தன்னைத் தானே பகிடி பண்ணிக்கொண்டு, ஒழுங்கை முழுவதும் கேட்கத்தக்க குரலில் கதைப்பார். அப்பா சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். காலையில் போனால் பொழுதுபடத்தான் திரும்புவார். நானும் பள்ளிக்கூடம் போய்விட்டால், துறைமுகத்துக்கு இறங்கும் அந்த ஒழுங்கை வீட்டில் அம்மா தனியே.

யுத்த காலம். வீடுகளுக்கு ஆமிக்காரர் சோதனைக்கு வருவார்கள். ஒருநாள் அப்படி வந்தவர்கள் கேற்றைத் தட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டிருக்கிறார்கள், உள்ளேயிருந்து பதில் இல்லை. ஆள் இருக்கும் வீட்டில் பதில் இல்லையென்றால் அந்நாட்களில் அதற்கு வேறு அர்த்தம். கேற்றைத் தாண்டி உள்ளே வந்து, துவக்குகளை நீட்டிக்கொண்டு குசினி வாசலில் நின்றபோது, அம்மா முதுகைக் காட்டியபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாராம். நிலத்தில் விழுந்த நிழலைக் கண்டு திரும்பியவரின் கையிலிருந்து தேங்காய்ப் பாதி உருண்டு, முன்னால் நின்றவனின் சப்பாத்தில் போய் முட்டியது. அம்மா தன் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்ட, அந்தப் பொடியன் துவக்கைத் தாழ்த்தி, தெரிந்த தமிழில் "அம்மா, பயம் வேணாம்" என்றானாம். அதை அம்மா உதட்டில் படித்தார்.

அதற்குப் பிறகு அம்மா குசினிக்குள் போகவே பயந்தார். நாங்கள் வெளிக்கிட்டதும் முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு, கேற்றைப் பார்த்தபடி இருப்பார். நான் பள்ளிக்கூடத்தால் வந்து காவலுக்கு நின்றால்தான் உலை ஏறும். பாத்திரத்தோடு பாத்திரம் மோதவிட்டு வீட்டை அதிரவைத்த மனுஷி, அந்தக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. நசீராவிடம் சொல்லி அழுதேன். "அழாதடி. காதுக்குப் போகாட்டி கண்ணுக்கு அனுப்புவம்" என்றாள் அவள்.

விஞ்ஞானப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், ஆசிரியர் நேரமில்லையென்று விட்டுப்போன ஒரு சுற்றின் படம் இருந்தது. இரண்டு ரான்சிஸ்டர்கள் எதிரெதிரே நிற்கும். ஒன்று விழித்தால் மற்றது உறங்கும், மற்றது விழித்தால் இது உறங்கும். அவற்றுக்கிடையே இருக்கும் இரண்டு "கண்டென்சர்"கள் மின்னைக் குடித்து வைத்திருந்து கக்கி, யார் எப்போது விழிப்பது என்று முறை வைக்கும். இந்தச் சாமான்களுக்காக வாப்பா, கழற்றிய சாமான்களைப் போட்டுவைக்கும் தகர டப்பாவான தன் கழிவுப் பேணியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "எரிஞ்சதும் கிடக்கும், எரியாததும் கிடக்கும். உங்கட நசீப்பு" என்று அதிர்ஷ்டத்தின் கையில் விட்டதோடு அவருடைய பங்கு முடிந்தது. பற்றரி கிடைப்பது அருமையான காலமாதலால், அப்பா செய்தி கேட்டுக் கேட்டுத் தீர்ந்துபோன றேடியோப் பற்றரிகளைக் கூரைத் தகரத்தில் வெயிலுக்கு வைத்து, அந்தச் சூட்டில் திரும்ப வரும் கொஞ்ச நஞ்ச உயிரை வைத்தே வேலை பார்த்தோம். இரண்டு சின்ன விளக்குகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவற்றுக்கு அந்த உயிரே போதும்.

முதலில் செய்தது கண்ணடிக்கவில்லை. இரண்டு விளக்குகளும் பிடிவாதமாய் ஒன்றாக எரிந்தன. ஈயம் ஒட்டிய இடங்களையெல்லாம் உருக்கித் திரும்ப ஒட்டினோம், அப்போதும் அப்படியே. ஆத்திரத்தில் நசீரா, பக்கத்தில் கிடந்த ஒரு சின்ன ஸ்பீக்கரின் வயர்களைச் சுற்றில் கொண்டுபோய்த் தொட்டாள். "கீ..." என்று அது அலறிய அலறலில் முன்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வாப்பாவுக்குப் புரையேறியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விளக்குகள் சும்மா எரியவில்லை. கண்ணால் பிடிக்க ஏலாத வேகத்தில் கண்ணடித்துக்கொண்டிருக்கின்றன! சின்னக் கண்டென்சர் சீக்கிரம் நிரம்பி விடுகிறது. பெரியது போட்டால் ஆறுதலாய், மெதுவாய் நிரம்பும். அவ்வளவுதான் விஷயம்.

பேணியில் கிடந்த கண்டென்சர்களை ஒவ்வொன்றாய் மாற்றிப் போடப் போட, அலறல் முனகலாகி, முனகல் உறுமலாகியது. அந்த உறுமலை ஒரு பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் உள்ளங்கையில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தேன். அவர் முகம் மாறியது. கையை எடுக்காமல் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "பூனைக்குட்டி" என்றார். "தூங்கிற பூனைக்குட்டி. இது என்ன சத்தம் போடுது?" அவர் முன்னால் குந்தி முகத்தைக் காட்டினேன். "நீங்கள் சொன்ன சத்தந்தான் அம்மா" என்றேன்.

பிறகு பேணியிலேயே மிகப் பெரிய இரண்டு கண்டென்சர்களைப் போட்டோம். சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. நசீரா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு துள்ளினாள். பின்னல் மறுபடியும் பொசுங்கியது.

கேற்றிலிருந்து குசினி வரைக்கும் வயர் இழுக்கப் போகிறோம் என்றதும் அப்பா வெகுண்டார். "கேற்றில வயர், உள்ளுக்குப் பற்றரி, அதில ரெண்டு லைற்று. பாக்கிறவன் இதை என்னெண்டு நினைப்பான், பிள்ளை? எங்களைக் கூண்டோட ஏத்திக்கொண்டு போவாங்கள்!" அப்பா சொன்னது முழுக்கச் சரி. அது எங்களுக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. சுற்றைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். நாலைந்து நாள் அது கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு ஒரு பின்னேரம் அப்பா, கப்பலில் கட்டும் தடித்த நீலக் கயிறு ஒரு சுருளோடு வந்து இறங்கினார். "ஒளிச்சு வைச்சாத்தான் சந்தேகம். ஊருக்கே தெரியத்தக்கதாய்க் கட்டுவம்" என்றார். கயிறு கேற்றுக்கு மேலால் எல்லோரும் பார்க்கத் தொங்கும். அதன் மறுமுனை குசினியில். வயரும் பற்றரியும் குசினித் தட்டைவிட்டு வெளியே வராது. கேற்றில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை: இந்த வீட்டு அம்மாவுக்குக் காது கேளாது, கயிற்றை இழுக்கவும்.

இம்முறை அம்மா எழும்பினார். "என்ர காதை ஊருக்கெல்லாம் விளம்பரம் பண்ணப் போறீங்களோ?" அப்பா தூரிகையோடு திகைத்து நிற்க, கொஞ்சம் யோசித்துவிட்டு அம்மாவே சொன்னார்: "'அம்மா உள்ளே இருக்கிறார், கயிற்றை இழுக்கவும்' எண்டு எழுதுங்கோ. அது காணும்."

அப்படியே எழுதினோம். கயிற்றின் குசினி முனையில் ஒரு பிளாஸ்ரிக் துண்டைக் கட்டி, தகரம் சுற்றிய உடுப்புக் கவ்வியின் வாய்க்குள் செருகிவிட்டோம். கயிற்றை இழுத்தால் துண்டு கழன்றுவிடும், தகரமும் தகரமும் தொடும். அம்மா வந்து துண்டைத் திரும்பச் செருகும்வரை விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். புகை படிந்த அந்த இருட்டுக் குசினியில், சும்மா எரியும் விளக்கென்றால் கண் அதை மறந்துவிடும். கண்ணடிப்பதை மறக்க ஏலாது. "குமரியைப் பாத்துக் கண்ணடிக்கிற மாதிரி அடிக்குது, மானங்கெட்டது" என்று அம்மா சிரித்தார். அன்றிலிருந்து அதன் பெயர் "மானங்கெட்டது".

அடுத்த சோதனை, நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்த ஒருநாள் வந்தது. யன்னலால் பார்த்தேன். பலகையை ஒருவன் வாசித்தான்; மற்றவன் கயிற்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெதுவாக இழுத்தான். குசினியிலிருந்து அம்மா, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரோ விருந்தாளி வந்ததுபோல நடந்து போனார். தானே கேற்றைத் திறந்தார். "வாங்கோ" என்றார், தன் பெரிய குரலில். உள்ளே வந்தவர்கள் குசினித் தட்டில் கண்ணடித்துக்கொண்டிருந்ததைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அம்மா துண்டைச் செருகிக் காட்டினார். அவர்களில் ஒருவன் அதை இழுத்துப் பார்த்தான், பிறகு இன்னொருவன். போகும்போது கேற்றைச் சாத்திவிட்டுப் போனார்கள்.

அன்று மத்தியானம் அம்மா மீன் குழம்பு வைத்தார். விறாந்தைக் கதிரையை அப்பா பின்னேரம் உள்ளே எடுத்து வைத்தார்.

இப்போது அந்த வீடு இல்லை. அந்த வளவில் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி நிற்கிறது. வாப்பாவின் கடையில் கைத்தொலைபேசி உறைகள் தொங்குகின்றன, கழிவுப் பேணி என்றால் என்னவென்று கேட்பார்கள். அப்பா காலமாகிவிட்டார். வீடு வீடாய்ச் சோதனைக்கு வருவோரும் இல்லை. போனவற்றில் அதற்காக மட்டும் நான் கவலைப்படவில்லை. அம்மா என்னோடு இருக்கிறார். யாராவது முகம் காட்டிக் கதைக்க அழைத்தால் அவருடைய மடியில் தொலைபேசி அதிர்கிறது. போன மாதம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்காமலே சொன்னார்: "நீங்கள் எல்லாரும் போனாப்பிறகு, மத்தியானத்தில நானே அந்தத் துண்டை இழுத்து விட்டிட்டு அந்த லைற்றுக்கு முன்னால குந்தியிருப்பன். ஆரோ என்னோட கதைக்கிற மாதிரி இருக்கும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, அம்மா?"

"பற்றரி முடியுதெண்டு நசீரா ஏசுவாள் எண்டு பேசாமல் விட்டிட்டன்."

அன்று பின்னேரமே கிண்ணியாவில் இருக்கும் நசீராவுக்குத் தொலைபேசி எடுத்து இதைச் சொன்னேன். "ஏசமாட்டன் எண்டு அம்மாக்கிட்டச் சொல்லுடி" என்றாள், "முகத்தைக் காட்டிச் சொல்லு."