உங்கள் காலத்தில் வேலி எவ்வளவு தூரம்?

ஒருவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது, இன்னொருவர் நேற்று மாலைகூட ஆடினார். இருவரையும் ஒரே மைதானத்தில் நிறுத்தி, யார் பெரிய அடிக்காரர் என்று தீர்ப்புச் சொல்வதுதான் என் பிழைப்பு.

டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில், ஒரு பல் டாக்டருக்கும் இந்திய மளிகைக் கடைக்கும் நடுவே எங்கள் ஆபீஸ். மொத்தம் ஏழு பேர். பேஸ்பாலில் ஹோம் ரன் என்பது நம் சிக்ஸருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பந்து வேலியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் காலத்து ஆட்டக்காரர் இதில் பெரியவர் என்று வரிசைப்படுத்தும் இணையதளம் எங்களுடையது. அன்றைய மைதானம் சிறியதா, பந்து வீசியவர்கள் எப்படி, வருடத்துக்கு எத்தனை ஆட்டம் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்கும் சூத்திரம் என்னுடையது. புள்ளியியலில் மாஸ்டர்ஸ் முடித்தவள், வாயைத் திறக்காதவள் என்பதற்காக என்னை எடுத்தார்கள். ஆள் போதவில்லை என்று சந்தாதாரர்களின் ஃபோனையும் என்னிடமே கொடுத்தார்கள். பேசத் தெரியாதவர்களைத் தேடிப் பிடித்து வாடிக்கையாளர் முன்னால் உட்காரவைக்கும் ஆபீஸில் நீங்களும் வேலை பார்த்திருந்தால், நாம் உறவுக்காரர்கள், மேலே படியுங்கள்.

பெயர் சொல்லாத ஆபீஸ்

எங்கள் ஆபீஸில் ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் சண்டை வரும், மதியச் சாப்பாடு கெடும். காலத்தைத்தான் சொல்வோம்: போன நூற்றாண்டின் இருபதுகள், அறுபதுகள், தொண்ணூறுகள், பிறகு இன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு இருபதுகள்காரர், அதாவது அந்தக் காலத்து ஆட்டக்காரர் ஒருவரின் ரசிகர், ஃபோன் செய்தார். குரலுக்கு நாற்பது வயது இருக்கும். தன் ஆளை நான் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டேன் என்று கோபம்.

எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் படித்தேன். அந்தக் காலத்தில் பெரிய லீக்கில் கறுப்பு ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை, அதனால் நாட்டின் மிகச் சிறந்த பந்து வீச்சாளர்களில் பலரை உங்கள் ஆள் எதிர்கொள்ளவே இல்லை, அதற்காகக் கொஞ்சம் கழித்திருக்கிறோம் என்றேன். பிறகு மிகவும் பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல அவர் சொன்னார்: "பாரும்மா, அவர் யாரையும் வெளியே நிறுத்தவில்லை. பந்தை மட்டும்தான் வெளியே அனுப்பினார்."

செவ்வாய்க்கிழமை டீச்சர்

நியூ ஜெர்சியில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அறுபதுகள் கட்சி. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் அடித்தால் அவர்தான். வணக்கம் எல்லாம் கிடையாது. "மூன்றாவது பத்தி, இரண்டாவது வரி" என்று ஆரம்பிப்பார். நான் எழுதும் விளக்கக் குறிப்புகளில் சிவப்பு மையால் திருத்தியது போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போவார். சொல்வதில் முக்கால்வாசி சரியாக இருக்கும் என்பதுதான் கொடுமை.

ஒரு செவ்வாய்க்கிழமை காற்றைப் பற்றிக் கேட்டார். தன் ஆள் ஆடிய மைதானத்தில் காற்று எப்போதும் எதிரே வீசும், அதற்கு ஏன் மதிப்பெண் கூட்டவில்லை என்றார். அந்த வருடங்களுக்கு ஆட்டவாரியாகக் காற்றுப் பதிவு எங்களிடம் இல்லை மேடம், ஆதாரம் இல்லாமல் சேர்க்க முடியாது என்றேன். வேலைக்கு வந்த பிறகு நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. டீச்சர் அதை ஒரே வரியில் அடித்துவிட்டார்: "நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் தொப்பி எந்தப் பக்கம் பறந்தது என்று எனக்குத் தெரியாதா?"

பயோடேட்டாவில் பேஸ்பால்

ஆபீஸில் இன்னொரு தமிழர் சுந்தர். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் அவர் பொறுப்பு. என் அப்பா வயது. முதல் நாள் அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஆபீஸ்ல சுந்தர். வீட்டுக்கு வந்தா அங்கிள்" என்றார். அதனால் வாரத்தில் ஐந்து நாள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல், பக்கத்தில் போய் நின்று இருமுவேன்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு பாட்லக் விருந்துக்குப் போனேன். தயிர்சாதம் என் பங்கு. கராஜில் மடக்கு நாற்காலி போட்டு ஏழெட்டு அங்கிள்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தவர்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டாயிரம் என்று எண்ணத் தெரியாது என்று உலகமே பயந்து, கை தூக்கியவர்களை எல்லாம் விமானத்தில் ஏற்றி வரவழைத்த காலம் அது. அவர்கள் பேச்சில் அந்த விமானம் வராது. "ஒரே ஒரு பெட்டியோட வந்தேன்" என்பது மட்டும் வரும். சுந்தர் அங்கிள் பெட்டியோடு வந்து, மூன்று வருடத்தில் கிரீன் கார்டு வாங்கி, அதற்கடுத்த வருடம் வீடு வாங்கியவர். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஹங்கர் இல்லப்பா" என்று அவர் சொன்னதும் மற்ற அங்கிள்கள் தட்டில் மூன்றாவது தடவை பிரியாணி வைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

மனதுக்குள் நான் கணக்குப் போட்டேன். பந்து மெதுவாக வந்த காலம், வேலி பக்கத்தில் இருந்த காலம், எதிரே ஆள் குறைவான காலம். கழித்துப் பார்த்தால் சுந்தர் அங்கிள் நடுத்தர ஆட்டக்காரர். தயிர்சாதம் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டேன். அவர் மனைவி மாலதி ஆன்ட்டிதான் என் பக்கம் திரும்பி, என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். செத்துப்போனவர் பெரியவரா, இருப்பவர் பெரியவரா என்று பார்ப்பதற்குச் சம்பளமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, என் தோளில் கை வைத்து ரகசியமாகச் சொன்னார்: "மேட்ரிமோனில டேட்டா அனலிஸ்ட்னு மட்டும் போடு கண்ணா. பேஸ்பால் கீஸ்பால்லாம் கல்யாணத்துக்கப்புறம் சொல்லிக்கலாம்."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மட்டை

முதலாளி ரிக்கின் அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. உள்ளே தொண்ணூறுகளின் நாயகர் கையெழுத்திட்ட மட்டை. ரிக் சிறுவனாக இருந்தபோது மூன்று மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய கையெழுத்து. அந்த நாயகரை என் சூத்திரம் நான்காம் இடத்தில் வைத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. தொண்ணூறுகளில் எல்லாருமே மானாவாரியாக அடித்தார்கள். ஊரே அடிக்கும்போது ஒருவர் அடிப்பதற்கு மதிப்புக் குறைவு, அவ்வளவுதான் சூத்திரம்.

பிப்ரவரி கடைசியில் ரிக் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதக் கட்டு. ஒன்று, சீசன் தொடங்கும்போது வெளியாக வேண்டிய புதிய வரிசை. கீழே விளக்கக் குறிப்பு, அதன் கீழே என் பெயர். இன்னொன்று, வக்கீல் அனுப்பிய என் ஹெச்-ஒன் விசா படிவம். படித்து முடித்தவர்களுக்குத் தரும் வேலை அனுமதியில் என் நாட்கள் கரைந்துகொண்டிருந்தன. மார்ச் மாதத்துக்குள் ரிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தால்தான் விசா குலுக்கலில் என் பெயர் விழும். இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. குலுக்கலில் இன்னும் இரண்டு தடவைதான் எனக்கு மிச்சம்.

ரிக் நல்லவர். மிரட்டத் தெரியாது. விசா படிவத்தை எடுத்து, வரிசைக்கு மேலே நேராக அடுக்கி வைத்துக்கொண்டே பேசினார். தொண்ணூறுகளில் கூட்டம் எப்படிக் கத்தும் தெரியுமா, அந்தச் சத்தத்துக்கு மதிப்பெண் கிடையாதா, சூத்திரத்தில் கைத்தட்டலுக்கு ஒரு கட்டம் போடக் கூடாதா என்றார். கைத்தட்டலை எப்படி அளப்பது என்று கேட்டேன். மட்டையைப் பார்த்தபடி சொன்னார்: "நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, நித்யா. கணக்குக்கும் ஒரு இதயம் இருக்கட்டும் என்கிறேன்."

பன்னிரண்டு வயது

இரண்டு நாள் கைத்தட்டலுக்கு எண் கண்டுபிடிக்கப் பார்த்தேன். மூன்றாம் நாள், சும்மா வைத்திருந்த ஒரு எக்ஸெல் தாள் ஞாபகம் வந்தது. ஃபோனில் திட்டுகிறவர்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், நீங்கள் எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டு வைப்பேன். பேச்சை மாற்ற வேறு வழி எனக்குத் தெரியாது. அந்த வருடங்களையும் அவர்களுடைய கட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாருக்கும் உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர்களுக்குப் பன்னிரண்டு வயது ஆனபோது ஆடியவர். முதல் வாரத்து இருபதுகள்காரருக்குக்கூட, அந்த வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகத்தில் ஆடியவர்.

சூத்திரத்தைத் தொடவில்லை. வரிசையை அப்படியே இணையப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், என் பெயரோடு வைத்தேன். மேலே பெரிதாக ஒரு கட்டம் போட்டேன்: நீங்கள் பிறந்த வருடத்தைத் தட்டுங்கள், உங்கள் காலத்தின் மாவீரர் யார் என்று சொல்கிறோம். பக்கத்தின் அடிக்கு ரிக் போக மாட்டார் என்று எனக்குத் தெரியும். அது நேர்மையா என்று கேட்டால், அதை மட்டும் கேட்காதீர்கள்.

ரிக் தன் வருடத்தைத் தட்டினார். மட்டையில் கையெழுத்திட்டவர் திரை முழுக்க வந்து நின்றார். ரிக்கின் கண் கலங்கிவிட்டது. விசா படிவத்தில் அங்கேயே, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். போடும்போது அவர் சொன்னது: "பார்த்தாயா, கடைசியில் கணக்கை நீயே சரி பண்ணிவிட்டாய்."

பிறந்த வருடம்

சுந்தரும் தட்டிப் பார்த்தார். இன்றைய ஆட்டக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் கோபம். "என்னம்மா இது, ப்ரோக்ராம்ல பக் இருக்கு. எனக்கெப்படி இந்தச் சின்னப் பையன் வருவான்?" என்றார். போய்ப் பார்த்தேன். பிறந்த வருடம் கேட்ட கட்டத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்று இருந்தது. அது நான் பிறந்த வருடம். பன்னிரண்டு வயதில் நான் ஈரோட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

இருமினேன். சுந்தர், இது பிறந்த வருஷம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அமெரிக்காவுக்கு வந்த வருடத்தைப் போட்டிருந்தார். திருத்தவில்லை. திரையில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "சரியாத்தாம்மா போட்ருக்கேன். அதுக்கு முன்னாடி என்ன பெரிசா நடந்துச்சு?"

சின்ன எழுத்து

புதிய பக்கம் வெளியான வாரம் பாராட்டாக வந்து குவிந்தது. திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், எங்கள் கணக்கு எவ்வளவு துல்லியம் என்று எழுதினார்கள். இருபதுகள்காரர் மட்டும் வருடத்தை மாற்றி மாற்றித் தட்டி, தன் ஆள் வரும்வரை பின்னால் போயிருக்கிறார். தனக்கு நூறு வயதுக்கு மேல் என்று தெரிந்ததில் அவருக்கு வருத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. "என் வயதைக் கேட்டுக்கொண்டு, என் அபிப்பிராயத்தையே எனக்குத் திருப்பி விற்கிறாய்" என்றார் டீச்சர். அடியில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் உன் உண்மையான வரிசையா என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன். காகிதம் புரளும் சத்தம். அச்செடுத்து வைத்திருந்தார் போல. "அதில் என் ஆள் இரண்டாவது. அது தப்பு. ஆனால் நான் சந்தா கட்டுவது அந்தத் தப்புக்குத்தான். அதைப் பெரிய எழுத்தில் போடு."

குலுக்கல்

போட்டேன். ரிக்குக்குச் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அடியில் இருந்த வரிசையைத் தூக்கி மேலே வைத்தேன். விசா பதிவு அப்போது போய்ச் சேர்ந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வீரம் அவ்வளவுதான். ரிக் திங்கட்கிழமை பார்த்தார். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குத் தண்டனை என்று நினைத்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் குலுக்கல் முடிவு வந்தது. என் பெயர் வரவில்லை. மட்டை, கையெழுத்து, சின்ன எழுத்து, பெரிய எழுத்து எதையும் குலுக்கல் பார்ப்பதில்லை. அடுத்த மார்ச்சில் கடைசி வாய்ப்பு. அதற்கும் ரிக்தான் கையெழுத்துப் போட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மளிகைக் கடையிலிருந்து கருவேப்பிலைக் கட்டோடு வந்த சுந்தர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தத்தோடு நிறுத்தியிருக்கலாம். "எங்க காலத்துல இந்தக் குலுக்கல்லாம் இல்லம்மா. திறமை இருந்தா தானா கிடைச்சுது" என்றார்.

ஆபீஸ் வாசலைத் தாண்டியிருந்தோம். அதனால், "அங்கிள், உங்க காலத்துல வேலி பக்கத்துல இருந்துச்சு" என்றேன்.

சொன்னது நான்தானா என்று இருவருமே ஒரு நிமிடம் யோசித்தோம். அவர் கார் கதவைத் திறந்தார், மூடினார். கருவேப்பிலையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதில் பாதியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "பக்கத்துலதான் இருந்துச்சு. ஒத்துக்கறேன். ஆனா அடிச்சது நான்தானேம்மா."

இப்போதெல்லாம் யாராவது ஃபோன் செய்து எந்தக் காலத்து ஆட்டக்காரர் பெரியவர் என்று கேட்டால், வரிசையில் இருப்பதைச் சொல்லிவிட்டு, அவர்கள் திட்டி முடிக்கும்வரை அடுத்த மார்ச்சுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.