ஓடாத தறியின் டெசிபல்

இது நடக்கவே இல்லை என்பவர்கள் சத்தம் அளக்கும் அந்த மீட்டரைப் பார்க்கலாம். நொடிக்கு ஓர் எண் வீதம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

இயற்பியல் ஆனர்ஸ் கடைசி வருடம் படிக்கும் சாய்ப்ரியாவின் ஆய்வேடு, விசைத்தறிச் சத்தத்தைப் பற்றியது. தறியின் சத்தத்தை அளப்பதற்கு முன், தறி ஓடாத ஷெட்டின் சத்தத்தை அளக்க வேண்டும். எண்ணெய் வாங்கும் முன் காலிப் பாத்திரத்தை நிறுப்பதுபோல. திங்கட்கிழமைக்குள் அந்த அளவு வராவிட்டால் தலைப்பே கிடையாது என்று கைடு சொல்லிவிட்டார். தலைப்பு போனால் ஆனர்ஸும் போயிற்று. அதனால்தான் மாதாந்திர மின்தடை நாளாகப் பார்த்துக் கருமத்தம்பட்டியில் ஒரு தறி ஷெட்டுக்குப் போனாள்.

“ஓடாத தறியில என்னத்த அம்மணி அளக்கப் போறீங்க?” ஷெட்காரர் லட்சுமணசாமி சிரித்தார். “அடுப்பே பத்த வெக்காம உப்புப் பாக்கறாப்புல இருக்குதுங்க!”

“கொஞ்ச நேரம் யாரும் உள்ள வராம இருந்தாப் போதுமுங்க.”

“யாரு வரப் போறா? கரண்டு நாலு மணிக்குத்தான். நான் வாசல்லயே உக்காந்திருக்கறேன்.”

காலை 11:06. கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு தறிகளும் அசையாமல் நின்றன. ஷெட்டின் நீளம் பதினாறு மீட்டர். ஒரு கோடியில் முக்காலிமேல் மீட்டரை நிறுத்திப் பக்கத்தில் நின்றாள். 38 டெசிபல். வெளியே காகம் கரைந்தபோது மட்டும் 41. சரியாகத்தான் இருந்தது.

11:14. 52.

காகம் கரையவில்லை. சோதனைக் கருவியைப் பொருத்தி 94 டெசிபல் ஒலி கொடுத்தாள். மீட்டர் 94 காட்டியது. பழுதில்லை.

11:17. மறுபடி 52... பிறகு 58.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சத்தம் போடுகிற பொருளுக்கும் மீட்டருக்கும் உள்ள தூரம் பாதியானால், எண் ஏறக்குறைய ஆறு ஏறும். பதினாறு மீட்டர் எட்டானால் ஆறு. எட்டு நான்கானால் இன்னும் ஆறு.

64.

அவள் காதில் எதுவுமே விழவில்லை. எதிரே தறிகளுக்கு நடுவில் வெறும் பாதை. ஓடிவிடலாம்... ஆனால் அடுத்த மின்தடைக்கு ஒரு மாதம் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

70. இரண்டு மீட்டர்.

76. ஒரு மீட்டர்.

காகத்தின் குரல் எப்போது நின்றது?

82.

இடது கன்னத்தில் சூடு... மூச்சுபோல...

கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

11:21. மீட்டரில் மறுபடி 38. கதவு திறந்தது. லட்சுமணசாமியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அவர் பேச்சுக்கு மீட்டரில் எண் மட்டும் ஏறி இறங்கியது.

மாலைக்குள் காது மெல்லத் திறந்தது. முதல் எட்டு நிமிட அளவே போதும் என்று கைடு தலைப்பை ஒப்புக்கொண்டார். காதுக்குள் இரைச்சல் மட்டும் நிற்காததால், மறுவாரம் ஆர்.எஸ்.புரத்தில் டாக்டரிடம் போனாள். பரிசோதனைத் தாளில் கோடு ஓரிடத்தில் செங்குத்தாக இறங்கியிருந்தது.

“இது தறி ஓட்டறவங்க காதுக்கு வர்ற குழி கண்ணு. இத்தனை ஆழத்துக்கு முப்பது வருசம் ஆகும். உனக்கு என்ன வயசு?”

“இருபத்தொண்ணுங்க.”

டாக்டர் தாளின் மேலிருந்த பெயரைப் படித்தார். மறுபடி எடுக்கச் சொன்னார்.

மறுபடியும் அதே குழி.