ஐம்பதுக்கு மேலே ஒரு டொலர்

அது பொலிஸ் இல்லைப் பிள்ளை. நேற்றுக் காலமை எங்கட வாசலில நிண்ட வெள்ளைக் காரை நீர் திரைச்சீலைக்குப் பின்னால நிண்டு பார்த்ததை நானும் பார்த்தனான். பார்க்கிறதில ஒரு பிழையும் இல்லை, உங்கட வீட்டுக்கு ஆர் வந்தாலும் நானும் பார்க்கிறனான்தான். அது எலெக்‌ஷன் கேட்கிற தம்பியின்ர கணக்குகளைப் பார்க்கிற பிள்ளை. எனக்கு ஒரு டொலர் திருப்பித் தர வந்தவள். ஓம், ஒரே ஒரு டொலர். சிரியும், நானும் நேற்றிலயிருந்து சிரிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.

இந்தக் கதிரையில இரும். வேலிப் பலகையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் கையில சிராய் ஏறும். போன கிழமை எனக்கு ஏறி, மகள் வேலையால வந்த களையோட ஊசி எடுத்து நோண்டினவள். அவளுக்கு வயசான ஆக்களைப் பார்க்கிற வேலையெல்லோ. பகல் முழுக்க மற்றவையின்ர தாய்மாருக்கு நகம் வெட்டி, முதுகு தேய்ச்சுப்போட்டு, பின்னேரம் வந்து என்ர சிராயை எடுக்கிறாள். "அம்மா, நீங்கள் ஒராள்தான் எனக்குச் சம்பளம் தராத ஆள்" எண்டு சொல்லுவாள். நான் சொன்னன், "பத்து மாசம் சுமந்ததுக்கு நீயும் எனக்கு ஒண்டும் தரேல்லை, ரெண்டும் சரி" எண்டு.

என்ன சொல்ல வந்தனான்? ஓம், ஒரு டொலர்.

சான்ட்ரிங்ஹாமில மரக்கறிக் கடைக்குப் பின்பக்கமா ஒரு மண்டபம் இருக்கெல்லோ. மூண்டு கிழமைக்கு முந்தி அங்க ஒரு சாப்பாட்டுக் கூட்டம் வைச்சவை, பாராளுமன்றத்துக்கு நிக்கிற எங்கட தமிழ்த் தம்பிக்குக் காசு சேர்க்கிறதுக்கு. ஒரு பக்கம் இடியப்பமும் சொதியும், மற்றப் பக்கம் இட்லியும் சாம்பாரும். எங்கட ஆக்களையும் இந்தியா ஆக்களையும் ஒரே மண்டபத்தில இருத்தினால் ரெண்டு அண்டாவும் வைக்கத்தான் வேணும். சொதி வெறும் தண்ணி. டின்னில வாற தேங்காய்ப்பாலுக்கு இவ்வளவு தண்ணி விடக்கூடாது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. நான் ரெண்டு தரம் வாங்கினனான், அது வேற கதை.

தம்பி வேட்டி கட்டிக்கொண்டு வந்தவர். அது இப்ப வாற ஒட்டு வேட்டி, இடுப்பில சேர்க்கிற இடத்தில கர்ரெண்டு சத்தம் கேட்கும். மேடையில ஏறேக்க ஒருக்கா, இறங்கேக்க ஒருக்கா அந்தச் சத்தம் மைக்கிலயும் கேட்டது. நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. இங்கிலீசில கதைச்சார். மகள் என்ர காதுக்குள்ள சொல்லிச் சொல்லி வந்தாள். பஸ் கதை, ஆசுப்பத்திரிக் கதை, பிறகு ஒரு இடத்தில மகள் என்ர கையைப் பிடிச்சாள். "அம்மா, தாய் தகப்பன்மாரைப் பிள்ளையளோட இருக்க விடவேணும் எண்டு பாராளுமன்றத்தில கேட்பாராம்." எல்லாரும் கை தட்டிச்சினம். நானும் தட்டினன். கொஞ்சம் கூடத் தட்டிப்போட்டன் போல, முன்னுக்கு இருந்தவை திரும்பிப் பார்த்தவை.

உங்கட மாமிக்கு அந்தக் காலத்திலயே நிரந்தர விசா கிடைச்சிட்டுது, அதால உமக்கு இந்தப் பாடு தெரியாது. எனக்கு விசிட்டர் விசா. ஆறு மாசம் இருக்கலாம், பிறகு போகவேணும், பிறகு திரும்ப எழுதிக் கேட்டு வரவேணும். நாலு தரம் அப்பிடிப் போய் வந்திட்டன். நிரந்தரமா இருக்கிறதுக்கு மகள் பேர் குடுத்து வைச்சிருக்கிறாள். அது லொத்தர் மாதிரித்தான் பிள்ளை. எல்லாரின்ர பேரையும் கம்ப்யூட்டருக்குள்ள போட்டுக் குலுக்குவினமாம், வாற பேருக்குத்தான் அடுத்த படி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் மகள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அவளின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பன். ஒரு தரமும் வரேல்லை.

முந்தியெண்டால் பரவாயில்லை, போய் வரலாம். இந்த முறை வந்து இறங்கேக்க கால் ரெண்டும் வீங்கி, செருப்புக்குள்ள போகேல்லை. தள்ளுவண்டியில வைச்சுத்தான் வெளியில கொண்டு வந்தவை. டொக்டர் தமிழ் ஆள், மகள் வெளியில நிக்கேக்க என்னட்டச் சொல்லிப்போட்டார், "ஒருக்காப் போகலாம், திரும்ப வாறதை நினையாதேங்கோ, ரத்தம் கட்டி நெஞ்சுக்குப் போயிடும்" எண்டு. அப்ப இந்த முறை போனால் போனதுதான். அங்க ஊரில என்ர கூடப்பிறந்த தம்பியின்ர வீட்டில ஒரு அறை இருக்குது. தம்பிக்கும் கண் தெரியாது, தம்பி பெண்சாதிக்குக் காது கேளாது. நான் போனால் அவைக்கு ஒரு கால் கிடைக்கும், அதுவும் வீங்கின கால்.

அதுதான் நானும் எலெக்‌ஷன் தம்பிக்கு ஏதாவது குடுப்பமெண்டு யோசிச்சன். குடுத்தால் ஆளை ஞாபகம் இருக்குமெல்லோ. தீபாவளிக்கு மகள் தந்த ஐம்பது டொலர்த் தாள் ஒண்டு சீலைத் தலைப்பில முடிஞ்சு வைச்சிருந்தனான். ஆனால் ஐம்பதை மொட்டையாக் குடுக்கிறதோ, சொல்லும் பார்ப்பம். கலியாணமெண்டாலும் வருசப்பிறப்புக் கைவிசேஷமெண்டாலும் ஒண்டு கூட வைச்சுத்தானே குடுக்கிறது. மொட்டைக் காசு அதோட முடிஞ்சுபோற காசு. மேல ஒண்டு வைச்சால்தான் இன்னும் வளரும். மகளிட்டக் கேட்டன், அவளின்ர பையில சில்லறை இல்லை. பிறகு கடையில வண்டில் எடுக்கிறதுக்கெண்டு காருக்குள்ள வைச்சிருக்கிற ஒரு டொலர்க் குத்தியை எடுத்துக்கொண்டு வரச்சொன்னன். "இது வண்டில் காசம்மா" எண்டு முணுமுணுத்துக்கொண்டுதான் எடுத்தவள்.

வாசலில மேசை போட்டு இந்தக் கணக்குப் பிள்ளை இருந்தவள். இந்தியாப் பக்கம், கோயம்புத்தூரோ எங்கயோ. மரியாதையான பிள்ளை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு சொன்னவுடன அவளே படிவத்தை நிரப்பினாள். பேர் கேட்டாள், விலாசம் கேட்டாள். "நீங்க இங்க சிட்டிசனா, ரெசிடென்டா பாட்டி?" எண்டு கேட்டாள். நான் "விசிட்டர்" எண்டு சொன்னன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுச் சொல் அது ஒண்டுதானே, நல்லா உரத்துச் சொன்னனான். அவளின்ர பேனை ஒருக்கா நிண்டு பிறகு எழுதினது. எனக்குப் பக்கத்தில ஒரு கடைக்கார ஐயா நிண்டவர். அவர் காசும் எடுக்கேல்லை, படிவமும் தொடேல்லை, போனை ரெண்டு தரம் தட்டினார். "ஐயாயிரம் போயிருக்கும் பாருங்க" எண்டார். அவள் "வந்துடுச்சு சார்" எண்டாள். இவ்வளவுதான். நான் வெத்திலை இல்லாததால அந்த மேசையில கிடந்த பேப்பர்த் துண்டில வைச்சு ரெண்டு கையாலும் குடுத்தன்.

தம்பி போகேக்க என்னட்ட வந்தவர். "அம்மா, உங்களைப் போல ஆக்களுக்காகத்தான் நிக்கிறன்" எண்டார். நான் தலையில கை வைச்சன். அவர் குனிய வேட்டி கர்ரெண்டது.

நேற்று என்ன நடந்ததெண்டால், நான் குசினியில பீற்றூட் வெட்டிக்கொண்டிருக்கிறன், அவள் வாறாள். இருத்தித் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன். குடிச்சாள். பிறகு ஒரு கடித உறையைத் திறந்து அந்த ஒரு டொலரை மேசையில வைச்சாள்.

"பாட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. சட்டம் அப்படி. வெளிநாட்டுக்காரங்க ஐம்பது டாலருக்கு மேல குடுத்தா, அந்த மேல உள்ளதை நாங்க வச்சுக்கக் கூடாது."

"ஆர் வெளிநாட்டுக்காரர்?"

"நீங்கதான் பாட்டி."

"நான் இந்தா உனக்கு முன்னால இருக்கிறன்."

"நீங்க இருக்கீங்க பாட்டி. உங்க விசாதான் இங்கயே இருக்கிறவங்க விசா இல்லையே."

"அப்ப இந்தத் தேத்தண்ணியை நீ வெளிநாட்டிலயோ குடிச்சனி?"

அவள் கோப்பையைக் கீழ வைச்சுப்போட்டு சிரிச்சாள். எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. சட்டம் தெரிஞ்சவளோட கதைக்கிறது நல்ல பொழுதுபோக்குப் பிள்ளை, ஒவ்வொரு கதவாத் தட்டிப் பார்க்கலாம்.

"சரி, இந்த ஒண்டை என்ர மகளின்ர பேரில போடு. அவள் சிட்டிசன்தானே."

"ஒருத்தர் காசை இன்னொருத்தர் பேர்ல குடுக்கிறதும் தப்பு பாட்டி."

"அப்ப அந்தக் கடைக்கார ஐயா எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்?"

"அவர் இந்த ஊர் சிட்டிசன். அவருக்கு இவ்வளவுதான்னு அளவு கிடையாது. பெரிய தொகைன்னா பேரை வெளியில சொல்லணும், அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் அளவு."

"ஆமா பாட்டி."

"ரெண்டு வடை தந்தால் சட்டம் பிடிக்குமோ?"

"வடைய சாப்பிடுவேன். எழுத மாட்டேன்."

வடை குடுத்தன். அவள் சாப்பிட நான் சொன்னன், "பிள்ளை, அந்த ஐம்பதையும் சேர்த்துத் தந்திட்டுப் போ. இல்லாட்டி இதையும் சேர்த்துக் கொண்டு போ. என்ர ஆசீர்வாதம் முழுக்க இந்த ஒண்டிலதான் இருந்தது. அதைத் தந்திட்டு மொட்டையை வைச்சிருக்கிறியள்." அவளுக்கு விளங்கினது. முகம் வாடிப் போச்சு. "எங்க வீட்லயும் ஐம்பத்தொண்ணு, நூத்தொண்ணுன்னுதான் பாட்டி வைப்போம். ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம் இல்லையே" எண்டாள்.

திருப்பித் தந்ததுக்குக் கையெழுத்து வேணுமாம். பேனையை நீட்டினாள். நான் பெருவிரலை நீட்டினன். மை இல்லை. பீற்றூட் வெட்டின விரல் சிவந்து ஈரமாக் கிடந்தது, அதையே அழுத்தினன். நல்ல வடிவா விழுந்தது, ரேகையெல்லாம் தெரிஞ்சுது. அவள் போனில படம் எடுத்துக்கொண்டாள்.

எழும்பேக்கதான் கேட்டன். "அந்தத் தம்பி எங்களைப் பற்றிக் கேட்பாரோ, பாராளுமன்றத்தில?"

அவள் வாசலுக்குப் போய்க் குனிஞ்சாள். செருப்பு வாரைப் போட்டாள், கழட்டினாள், திரும்பப் போட்டாள். "இந்தத் தடவை கட்சி அதை எடுத்துக்கலை பாட்டி. வாடகை, மார்ட்கேஜ், பஸ், இதைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. அண்ணன் சொல்லிப் பார்த்தார்." ஒரு வழவழப்பான கடுதாசியைத் தந்திட்டுப் போயிட்டாள். அவர் என்னென்ன செய்வாரெண்டு அதில போட்டிருக்குதாம்.

பேத்திக்குப் பள்ளிக்கூட லீவு. அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னன். ஆறு விசயம் போட்டிருக்குதெண்டு விரலால காட்டினாள். தாய் தகப்பன் எண்டு எங்கயாவது கிடக்கோ எண்டு கேட்டன். "நோ, அம்மம்மா."

"வடிவாப் பார்."

"ஐ டிட். இட்ஸ் நாட் ஹியர்."

"அந்தப் பக்கம் திருப்பிப் பார்."

"தட்ஸ் ஜஸ்ட் ஹிஸ் ஃபோட்டோ."

நாலாவது விசயம் கடையளுக்கு முன்னால கார் விடுற இடமாம். அண்டைக்குச் சாப்பாட்டு மேசையில கடைக்கார ஐயா அதைத்தான் தம்பியிட்டச் சொல்லிக்கொண்டிருந்தவர், நான் இடியப்பத்துக்கு நிரையில நிக்கேக்க கேட்டனான். காசுக்கு எழுதினதெண்டு நான் சொல்லமாட்டன், கண்டதைத்தான் சொல்லலாம். ஐயாவும் பாவம், கடைக்குச் சனம் வராமல் என்ன செய்யிறது. ஆனால் அவர் கதைச்சது வழவழப்பான கடுதாசியில வந்திட்டுது, நான் கை தட்டினது மண்டபத்தோட போச்சு.

பின்னேரம் மகளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னனான். அவள் சிரிக்கேல்லை. "அம்மா, உங்களை ஆர் குடுக்கச் சொன்னது? வெளிநாட்டு ஆள் எண்டு உங்கட பேரை எழுதி வைச்சிருக்கினம். விசாக்காரர் கேட்டால் நான் என்ன சொல்லுறது?" எண்டாள். "கேட்கிறதுக்கு நான் இங்க இருந்தால்தானே" எண்டன். பகிடிக்குத்தான் சொன்னன். அவள் குளியலறைக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு குழாயைத் திறந்து விட்டாள். சின்னனிலயும் அவள் அப்பிடித்தான், அழுறதெண்டால் குழாயைத் திறந்துபோட்டுத்தான். கன நேரம் தண்ணி ஓடினது. தண்ணிக்கும் இங்க பில் வருமெண்டு அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தவள். நான் அவளின்ர தேத்தண்ணியை ஆறாமல் மூடி வைச்சன்.

பிளேன் ரிக்கற் போட்டாச்சு பிள்ளை. வாற மாசம் பத்தாம் திகதி. அதுக்குப் பிறகு எலெக்‌ஷன். அந்தத் தம்பி வெண்டாலும் தோத்தாலும் நான் பார்க்கமாட்டன்.

அடுத்த குலுக்கலில வருமெண்டு நீரும் சொல்லுறீர். சொல்லும், கேட்க நல்லாத்தான் இருக்குது. உங்கட மாமியும் சொன்னவ, கோயில் ஐயரும் சொன்னவர், போன கிழமை தபால் குடுக்கிற வெள்ளைக்காரப் பெடிச்சியும் ஏதோ சொன்னவள், அதுவும் இதாத்தான் இருக்கும். பேர் வரட்டும். வந்தால் மகள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள், நான் அங்க ஊரில என்ர தம்பியின்ர வீட்டு அறையில காலைத் தூக்கித் தலாணியில வைச்சுக்கொண்டு கிடப்பன். பிளேனில ஏற ஏலாத ஆளுக்குப் பேர் வந்து என்ன, வராமல் என்ன. நேற்று அதை மகளுக்குச் சொல்லேல்லை. உமக்குத்தான் சொல்லுறன், நீர் அவளிட்டச் சொல்லாதையும். பேத்திக்கும் தெரியாது. "கம் பேக் சூன், அம்மம்மா" எண்டு இப்பவே ஒரு மட்டை கீறி வைச்சிருக்கிறாள். அதில பிளேனுக்கு யன்னல் வைச்சு, யன்னலுக்குள்ள என்ர கொண்டையை மட்டும் கீறியிருக்கிறாள்.

நில்லும், மூக்கில ஒரு துளி விழுந்தது. பாரும் இந்த ஊர் மழையை, வெயில் எறிக்க எறிக்கப் பெய்யுது. பின்னுக்குக் கொடியில என்ர ஏழு சீலையும் கிடக்குது, பெட்டியில அடுக்கிறதுக்குக் காலமைதான் தோய்ச்சுப் போட்டனான். ஈரத்தோட வைச்சுப் பூட்டினால் அங்க போய்த் திறக்கேக்க முழுக்கப் பூஞ்சணம் பிடிச்சிருக்கும். நான் ஓடிப்போய் எடுக்கிறன், நீர் அந்தக் கதிரையை உள்ளுக்குத் தள்ளிவிடும்.