டிரான்ஸ்பார்மருக்கு ஒரு குடம்

பரளச்சியைத் தாண்டியதும் டயர் வெடித்து பஸ் நிற்கிறது. பங்குனி வெயில். தொண்டை வறண்டுபோய் இறங்குகிறேன். சாலையோரத்து டிரான்ஸ்பார்மரின் அடியில், இடுப்பில் குடத்தோடு ஐந்து பெண்கள். ஒவ்வொருவராகக் குனிந்து, அங்கிருக்கும் குழிக்குள் குடத்தைக் கவிழ்க்கிறார்கள். நேர்த்திக்கடன் என்றுதான் முதலில் நினைக்கிறேன். ஆனால் மஞ்சளும் இல்லை, வேப்பிலையும் இல்லை. குழிக்குள் கரியும் கல்லுப்பும் கிடக்கின்றன.

கடைசியாக நிற்கும் பெண்ணிடம் விசாரிக்கிறேன்.

"சாமியெல்லாம் இல்லண்ணே, இது எர்த்துக் குழி. மண்ணு காஞ்சா மிஞ்சுன கரண்டு தரையில எறங்காம வீட்டுக்குள்ள பாஞ்சிரும்னு லயன்மேன் சொல்லிருக்காரு. போன கோடையில காய விட்டுட்டோம். வீட்டுக்கு வீடு பல்பு வெடிச்சுச்சு, கெணத்து மோட்டாரும் கருகிப்போச்சு. குடிக்கத் தண்ணியில்லாம நாறிப்போனோம். இந்த வருசம் தெருவுக்கு ஒரு நாள் மொறை. கத்திரி வெயிலு வர்றதுக்குள்ள குழி குளுந்து நிக்கணும்."

"இதுவும் குடிதண்ணிதானே?"

"ஆமா. ஒரு நாளைக்கு வீட்டுக்கு ரெண்டு குடந்தான். அதுல ஒண்ணு இதுக்கு."

அண்ணாந்து பார்க்கிறேன். வெயிலில் தொய்ந்த கம்பிகள் ஊருக்குள் போகின்றன. அவற்றைக் காப்பாற்ற, இந்த ஊர் தன் தாகத்தில் பாதியை மண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

கவிழ்க்கப் போன குடத்தை நிறுத்தி, "குடிக்கிறீகளா?" என்கிறார் அந்தப் பெண்.

நீட்டிய கையை மடக்கிக்கொள்கிறேன். "முதல்ல அதுக்கு ஊத்துங்க."

குழி நிரம்பி நுரைக்கிறது. அடியில் இரண்டு மடக்கு மிச்சம் வைத்து, குடத்தை என்னிடம் சாய்க்கிறார்.

"அது குடிச்சிருச்சு. இனி நீங்க குடிங்க."